அனாதை என்று நான் எழுதிய மான்குட்டி

என் வீட்டுக்காரர் கிளிட்டஸுக்கு நாற்பத்தாறு வயது. அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஒரு பிளாண்டில் வால்வு டெக்னீஷியன். முட்டத்துக் கடற்கரையில் பிறந்த மனுஷன், ஆனால் ஒரு மீனைக்கூடப் படம் எடுத்தது கிடையாது. பறவையும் மானும்தான் அவருக்கு உயிர். நாங்கள் இங்கே வந்த பதினோரு வருஷமாக, நைட் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கேமராவோடு பாலைவனத்துக்குப் போகிறவரோடு குடும்பம் நடத்துகிறேன். எனக்குக் கோபம் வருமா வராதா?

அவர் படம் எடுக்கும் அழகைச் சொன்னால் சிரிப்பீர்கள். காரைவிட்டு இறங்கவே மாட்டார். காரைக் கண்டு மான் பயப்படாதாம், மனுஷன் கால் கீழே பட்டால்தான் ஓடுமாம். ஐந்து கிலோ அரிசிப் பையை ஜன்னலில் வைத்து, அதன்மேல் நீள லென்ஸைச் சாய்த்து, மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பார். அந்த அரிசியில் வண்டு வைத்துப் பல மாதம் ஆகிறது, மாற்ற விடமாட்டார். ஒருமுறை கடலோரச் சேற்றில் மேயும் பூநாரைகளை எடுக்கப் போய் வெறுங்கையோடு வந்தார். "ஒண்ணாவது தலைய தூக்கும்னு பாத்தேன், தூக்கவே இல்லட்டி" என்றார். இதற்கா ஒரு லீவு நாள் போனது என்று கத்தினேன்.

தனியாக மணலுக்குள் போவதால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நிற்கும் இடத்தின் லொகேஷனை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். டயர் புதைந்தால் நான் ஆள் அனுப்ப வேண்டுமே.

இந்த வருஷம் இரண்டு மாதமாக ஒரு சினை மணல்மானின் பின்னால் அலைந்தார். தாயும் குட்டியும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் கிடைத்தால் போதும் என்பார். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை காலை லொகேஷனோடு ஒரு படமும் வந்தது. புதருக்கடியில் மண்ணோடு மண்ணாகச் சுருண்டு கிடந்தது குட்டி. "தனியா கிடக்குது" என்று எழுதியிருந்தார்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. படத்தையும் லொகேஷனையும் அப்படியே எங்கள் ஜெபக் குழுவின் குரூப்பில் போட்டேன். 'தாய் விட்டுட்டுப் போன அனாதைக் குட்டி. ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். அனாதை என்று எனக்கு யார் சொன்னது? என் வாய்க்கொழுப்பு, நானாகச் சேர்த்தேன்.

எங்கள் ஆட்கள் ஜெபத்தோடு நிற்பவர்களா? மத்தியானம் காலிங் பெல் அடித்தது. குழுவை நடத்தும் தேவசுந்தரம் அண்ணன் வாசலில் நிற்கிறார். கையில் சுருட்டிய ஒரு துவர்த்துத் துண்டு, அதற்குள் அந்தக் குட்டி.

"நீங்க போட்டத பாத்ததும் மனசு கேக்கல்ல லீமா. பிக்கப்ப எடுத்துட்டு நேரா போய் தூக்கிட்டு வந்துட்டேன். கொஞ்சம் பால்பொடி கலக்குங்க" என்றார்.

குட்டி கத்தியது. காலையிலேயே திரும்பி வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கிளிட்டஸ் எழுந்து வந்து பார்த்தார்.

"அனாதையாமே, பாவம்" என்றார் அண்ணன்.

கிளிட்டஸ் என் பக்கம் திரும்பினார். "யாருட்டி சொன்னா அனாதைன்னு? தாய் விட்டுட்டுப் போகல்ல. குட்டிய ஒளிச்சு வச்சிட்டு மேயப் போயிருக்கு. மேஞ்சாத்தான மடியில பால் ஊறும்? இப்ப அது வந்து தேடுமே!"

நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் அஜிஷா நாகர்கோவிலில் அவள் அத்தை வீட்டில் வளர்கிறாள். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் டூட்டி, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தோம். இப்போது அவளுக்குப் பதினாலு. பிள்ளையை விட்டுட்டுப் போனவள் என்று ஊரில் ஒருத்தி சொன்னதற்கு அவளோடு சண்டைக்குப் போனவள் நான். அதே வார்த்தையை ஒரு மானுக்கு நானே எழுதியிருக்கிறேன்.

உடனே கிளம்பினோம். "நல்லது செய்யப் போய் இப்படி ஆயிட்டே" என்று அண்ணன் கையைப் பிசைந்தார். கிளிட்டஸ் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனை அனுப்பிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போய், அதே புதரடியில் குட்டியை வைத்துவிட்டு, காரைத் தூரத்தில் நிறுத்திக் காத்திருந்தோம்.

"மனுஷ வாடை பட்டா தாய் சேக்காதும்பாங்களே?" என்றேன்.

"சேக்கும்னுதான் நினைக்கேன். ஆனா தேடிப் பாத்துட்டு வேற பக்கம் போயிருந்தா?" என்றார்.

நான்கு மணி ஆனது, ஐந்து ஆனது. மான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸான எனக்கு ஏழு மணிக்கு நைட் டூட்டி. "நீ காரை எடுத்துட்டுப் போ, நான் இருந்துக்கிடுதேன்" என்றார். கார் போய்விட்டால் அவர் வெட்டவெளியில்தானே நிற்பார், மான் எப்படி வரும்? சார்ஜ் நர்ஸுக்குப் போன் செய்து எமர்ஜென்சி லீவு கேட்டேன். காரணம் கேட்டார். "என் குழந்தைக்கு முடியல" என்று வாயில் வந்துவிட்டது. அஜிஷா டெங்குவில் பத்து நாள் கிடந்தபோது, எப்படியும் தரமாட்டார்கள் என்று நானே முடிவுகட்டி லீவு கேட்காமல் இருந்தேன்.

சூரியன் இறங்கும் நேரத்தில் மணல்மேட்டின்மேல் ஒரு தலை தெரிந்தது. இரண்டடி வரும், நிற்கும், காரையே பார்க்கும். ஒருவழியாகப் புதரடிக்கு வந்து குட்டியை மோந்தது. மோந்துவிட்டு விலகிப்போனது.

"போச்சு" என்றேன். கிளிட்டஸ் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

மறுபடி வந்தது. மறுபடி மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. குட்டி கால் தடுமாறி எழுந்து மடியை முட்டி முட்டிக் குடித்தது. பக்கத்தில் கேமராச் சத்தம் கேட்டது. மனுஷன் அழுதுகொண்டே எடுத்துக்கொண்டிருந்தார்.

தார்ரோட்டுக்கு ஏறியதும் அஜிஷாவுக்குப் போன் போட்டேன். ஷிஃப்ட் பார்த்து ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாங்கள் பேசுவோம், இன்றோ வெள்ளி. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"அம்மா, என்னாச்சு?" குரலில் அவ்வளவு பயம். "இன்னைக்கு டூட்டி இல்லியா?"