அதிகமாய் ஒரு சுற்று

புதுச்சேரியில் மரம் வெட்டுவது பெரிய காரியமில்லை. வெட்டியதை எங்கே விழவைப்பது என்பதுதான் காரியம். மரத்தடியிலேயே ஓட்டு வீடு இருக்கும், கிணறு இருக்கும், மதில் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் ஓடு. ஆகவே கிளையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கிளையில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டையில் ஏறித் திரும்பி அடிமரத்துக்கு வரும். அடிமரத்தை அது சில சுற்றுகள் சுற்றும். மிச்சமுள்ள நுனி கீழே நிற்பவன் கையில் இருக்கும். கிளையின் பாரத்தைச் சுற்றுகள் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு ஓட விடுவது, எங்கே நிறுத்துவது என்பதைத்தான் கை பார்க்கும்.

முதலியார்பேட்டை ஜானகிராமன் மேலே ஏறுகிறவன். குருசுக்குப்பத்துச் சுப்ரமணி நுனியைப் பிடிக்கிறவன். மீனவக் குலத்தில் பிறந்தும் சுப்ரமணிக்குப் படகு ஏறினால் வாந்தி வரும். குப்பத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கரையில் நின்று வலை இழுத்த கை மட்டும் வீணாகாமல் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் தெரியமாட்டான். இலை மறைக்கும். அதனால் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ரம்பத்தைக் கடைசியாக ஓட்டும் முன் ஜானகிராமன் கேட்பான்: "விடவா?"

"விடு" என்று கீழேயிருந்து வரும். வந்த பிறகுதான் ரம்பம் ஓடும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலை மிச்சமிருந்தால் சுப்ரமணி அடிமரத்துச் சுற்றுகளைக் கழற்றாமல் போவான். நாளைக்கு வருகிறேன் என்பதற்கு அவர்களுக்குள் வேறு சொல் இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் ஜானகிராமனின் மனைவி அஞ்சலாட்சி காய்ச்சலில் போனாள். காரியம் முடிந்த கையோடு அவன் ஒரு பூவரசில் ஏறினான். வீட்டில் இருக்க முடியவில்லை. ஏறும்போது அவன் கை நடுங்கியதைச் சுப்ரமணி பார்த்தான். பயத்தில் அடிமரத்தில் அதிகமாய் ஒரு சுற்றுப் போட்டான். பிடி பலமாக இருந்தால் ஆள் பத்திரம் என்று நினைத்தான்.

கயிறு இறுகி, வெட்டுப்பட்ட கிளை ஓட வேண்டிய இடத்தில் ஓடவில்லை. சட்டென்று நின்று, ஊஞ்சலாகத் திரும்பி வந்து, ஜானகிராமனின் இடது காலை மரத்தோடு வைத்து அடித்தது.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது பார்க்க வந்த யாரிடமோ அவன் சொன்னான்: "கொல்லப் பாத்தான்." வலியில் சொன்ன வார்த்தை. அது நடந்தே குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுப்ரமணி ஒருநாள் தெருமுனை வரை வந்து நின்றான். ஜன்னல் வழியாக ஜானகிராமன் பார்த்தான். கூப்பிடவில்லை. சுப்ரமணி திரும்பிப் போனான்.

கால் கூடியது, கொஞ்சம் குட்டையாக. அதன்பின் ஜானகிராமன் முருங்கை, கொய்யா, தெருவில் நீட்டிய வேப்பங்கிளை என்று ஒற்றை ஆளாய் முடிகிற வேலைகளை மட்டும் எடுத்தான். சோறு பொங்கி, சாப்பிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தால் வீட்டில் அடுத்த சத்தம் காலையில் கதவு திறக்கும்போதுதான்.

சில வருஷம் கழித்து ஒரு புரட்டாசியில் அமிர்தவல்லி அம்மாள் ஆள் அனுப்பினாள். கணவன் இல்லாதவள், கொல்லையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் தடித்த கிளையொன்று அடியில் பிளந்து, அவள் சமையல்கட்டு ஓட்டுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி இறக்கிடு. அதுக்குக் கீழதான் நான் சோறாக்குறேன்" என்றாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரி என்றான். கயிற்றைப் பிடிக்க இன்னொருவன் கையை நம்புவதில்லை என்று தீர்மானித்திருந்ததால் இரும்பைத் தேடிப் போனான்.

புயலில் இடிந்த பழைய துறைமுகப் பாலத்தின் சாமான்கள் இரும்புக் கடையில் கிடந்தன. அங்கே ஒரு கை விஞ்சு இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் நகரும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு இரும்பு நாக்கு டக் டக்கென்று விழுந்து பிடித்துக்கொள்ளும். கையை விட்டாலும் பாரம் இறங்காது. ஜானகிராமன் அந்த நாக்கை விரலால் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தான். இதற்கு அழுகை வராது, பயம் வராது. எடுத்துக்கொண்டான்.

பக்கத்தில் வேறொன்றும் கிடந்தது: முழங்கை நீளத்தில் தடித்த இரும்புக் குழாய், பின்னால் வளைந்த தகடு, மரத்தோடு சேர்த்துக் கட்டச் சங்கிலி. துறைமுகத்தில் கப்பல் கயிற்றைச் சுற்றிக் கட்டுகிற இரும்புக் கட்டை. "இதையும் கொண்டு போ, இடத்த அடைக்குது" என்றான் கடைக்காரன்.

விஞ்சைச் சுற்ற மூட்டை தூக்கும் கோவிந்தராசுவை அழைத்து வந்தான். வாய் நிற்காத ஆள், யாரையும் பிரெஞ்சுக்காரர்களைப் போல 'முசியே' என்றுதான் கூப்பிடுவான்.

"முசியே, மாவாட்டக் கூப்ட்டியா, மரம் வெட்டக் கூப்ட்டியா?"

"சொல்றப்ப சுத்து. சொல்றப்ப நிறுத்து."

"என் பொண்டாட்டியும் அதான் சொல்றா."

முதலில் ஒரு சின்னக் கிளை. வெட்டும் முன் கோவிந்தராசு நாலு பல் சுற்றினான். கிளை மேல் நோக்கி எழும்பியது. மரத்தில் சுற்றிய கயிறால் இது ஒருநாளும் ஆகாது. அதற்கு இறக்கத்தான் தெரியும், தூக்கத் தெரியாது. ஜானகிராமனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. யாரையும் எதுவும் கேட்காமல் ரம்பத்தை ஓட்டினான்.

கிளை அறுந்து ஒரு முழம் விழுந்தது. அங்கேயே நின்றது. நாக்கு பிடித்த பிடி பிடித்தபடி. அந்த அதிர்ச்சி கயிற்றில் ஏறி, கவட்டைக்கு வந்து, அவன் உட்கார்ந்திருந்த மரத்தையே உலுக்கியது. அவன் மரத்தைக் கட்டிக்கொண்டான். கிளை வீசித் திரும்பி வந்து சமையல்கட்டு மூலையில் ஓடுகளை உடைத்துவிட்டுப் போனது. அவனுடைய இடது கால் தானாக மேலே மடங்கியிருந்தது.

"வுடலயே! கெட்டியாத்தானே புடிச்சிருக்கேன்!" என்று கீழே கோவிந்தராசு பெருமையாகக் கத்தினான்.

ஜானகிராமன் வெகுநேரம் இறங்கவில்லை. விஞ்சு செய்தது சுப்ரமணி அன்று செய்த அதே காரியம். கெட்டியாகப் பிடித்தது. அவ்வளவுதான்.

பெரிய கிளை அப்படி நின்றால் கவட்டை முறியும், வீடும் போகும், அவனும் போவான். கயிற்றை ஓட விடத் தெரிந்த கை வேண்டும். அன்று மாலையே சங்கிலியைப் போட்டு அந்த இரும்புக் கட்டையை அடிமரத்தோடு இறுக்கிவிட்டு, குருசுக்குப்பத்துக்கு நடந்தான்.

சுப்ரமணி வாசலில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அவன் மனைவி சொர்ணம் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"வாண்ணே. கொல்லப் பாத்தவன் வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

"கடல்லயும் ஆகல, மரத்துலயும் ஆகல. பொம்பளைங்க நடுவுல குந்திக்கினு ஊசி புடிக்குது இந்த ஆளு. நல்லா பாத்துக்க."

"சொர்ணம், உள்ள போ" என்றான் சுப்ரமணி. அவள் போகவில்லை.

ஜானகிராமன் மணலில் உட்கார்ந்தான். விஞ்சு வாங்கியதை, அது பிடித்ததை, ஓடு உடைந்ததைச் சொன்னான். "இரும்பு. அதுக்கு என் மேல என்ன கோவம்? அதுவும் அதேதான் பண்ணுச்சு. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, சுப்ரமணி."

ஊசி நின்றது. "நான் பயந்துட்டேன் ஜானகி. உன் கை ஆடுச்சு."

"தெரியும்."

"இப்பவும் என் கைய நான் நம்பல."

"கட்டை ஒண்ணு வெச்சிருக்கேன். வழவழன்னு இரும்பு. வேப்பம்பட்டை ஒரு மாதிரி, பூவரசு ஒரு மாதிரி புடிக்கும். மழையில நனைஞ்சா வேற மாதிரி. இது எப்பவும் ஒரே மாதிரி. எத்தினி சுத்துன்னு நீதான் சொல்லணும்."

சுப்ரமணி கடலைப் பார்த்தான். "அந்த ஒரு கிளைக்கு வரேன்" என்றான்.

காலையில் வந்தான். கட்டையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். ஒரு கனத்த துண்டுமரத்தைக் கயிற்றில் ஏற்றி இறக்கினான். மூன்று சுற்றில் கயிறு திணறியது. ஒன்றைக் கழற்றினான். கயிறு வழுக்கிக்கொண்டு, ஆனால் சொன்னபடி கேட்டு ஓடியது. விஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "தூக்கறதுக்கு அது நல்லது. இறக்கறதுக்கு ஆகாது" என்றான்.

ஜானகிராமன் ஏறினான். கிளையைக் கட்டினான். கீழ்ப்பக்கம் வெட்டுக் கொடுத்து, மேலே ரம்பம் வைத்தான். கீழே இலைகள் மட்டும் தெரிந்தன.

"விடவா?"

சமையல்கட்டில் ஏதோ கொதித்து மூடி ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. அமிர்தவல்லி அம்மாள் வெளியே வந்து நின்றுவிட்டாள் போல. ஒரு காகம் வந்து உட்கார்ந்து எழுந்து போனது. அவன் இரண்டாவது முறை கேட்கவில்லை.

"விடு."

ரம்பம் ஓடியது. கிளை முறிந்து விழுந்தது. கயிறு அதோடு ஓடியது. ஓடி, ஓடிக்கொண்டே மெதுவாகி, ஓட்டுக்கு ஒரு சாண் மேலே கிளை சோம்பலாக நின்றது. மரம் ஆடவே இல்லை. பிறகு கிளை மெதுவாகப் பக்கவாட்டில் ஆடிவர, கயிறு மறுபடி கொஞ்சம் ஓடியது; கிளை கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவே படுத்துக்கொண்டது.

ஜானகிராமன் மேலேயே இருந்தான். மரத்தில் இன்னும் இரண்டு கிளைகள் மிச்சமிருந்தன. கீழே இறங்கினால் பேச வேண்டும். என்ன பேசுவது என்று யோசித்தான். நாளைக்கு மிச்சத்தை முடிச்சிடலாம் என்று சொல்லலாம். அதைத்தான் சொல்வது என்று முடிவு செய்து இறங்கினான்.

சுப்ரமணி முகத்தை முண்டாசுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. வேலை அவ்வளவு கடினமானதில்லை.

"உன் கால் தரையில பட்டப்பறம்தான் ஜானகி எனக்கு மூச்சு வந்துச்சு" என்றான். "கட்டை நல்ல கட்டை. யாரு புடிச்சாலும் கேக்கும். கோவிந்தராசுகூட புடிக்கலாம்."

"அவன் பேசிக்கினே இருப்பான்."

"இருக்கட்டுமே." சிரித்தான். ஜானகிராமனின் குட்டைக் காலை ஒருமுறை பார்த்தான். வாசல் வழியாகப் போனான்.

ஜானகிராமன் கட்டையருகே வந்தான். சுற்றுகள் கழற்றப்பட்டிருந்தன. கயிறு வட்டமாக, படகில் வைப்பது போலச் சுருட்டி, கட்டையின் மேல் மாட்டப்பட்டிருந்தது.

மிச்சக் கிளைகளைக் கோவிந்தராசுவை வைத்து இறக்கினான். கட்டை சொன்னபடி கேட்டது. விஞ்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தூக்க வேண்டிய கிளைக்கு அதுவும் வேண்டியிருந்தது. பெரிய வேலைகள் மறுபடி வந்தன. குப்பத்துப் பக்கம் இரண்டொரு தடவை போனான். சொர்ணம் மீன் கொடுத்தாள். சுப்ரமணி வலையிலிருந்து நிமிர்ந்து, "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான். பிறகு மறுபடி வலைக்குக் குனிந்துகொண்டான்.

கோவிந்தராசுவுக்கு ஒரு விஷயம் மட்டும் புரிவதில்லை.

"நான் இங்க கத்திக்கினே இருக்கேன், வுடு வுடுன்னு. மேல இருந்துக்கினு 'விடவா'ன்னு கேக்குற. நான் சொன்னப்புறமும் சும்மா குந்தினு இருக்கியே, முசியே. யாரு சொல்லணும்?"

ஜானகிராமன் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு ரம்பத்தை ஓட்டுவான்.