வண்டிப்பேட்டை இட்லிக்கடைக்காக நான் வாதாடியது

அம்மா இறந்த ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, இராஜபாளையத்தில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் எடை குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தங்கியது ஒரு மாடி அறையில். அறைக்கு உடையவர் அடுப்பு மூட்டக் கூடாதென்று நிபந்தனை விதித்திருந்தார். ஆகவே மூன்று வேளையும் கடைவீதியில் உண்டேன். உண்டதெல்லாம் வயிற்றுக்குப் போயிற்று. நாக்கில் எதுவும் தங்கவில்லை. அந்தக் கடைவீதியைப் பற்றி நான் வழங்கும் தீர்ப்புகள் நடுநிலையானவை என்று நம்புவதற்கு அதுவே காரணம்.

காபிக்குக் கடைவீதியின் நடுவிலிருந்த காபி கிளப். காபி சூடாகவும் கெட்டியாகவும் இருக்கும். உள்கூடம் பிராமணர்களுக்கு, வெளிக்கூடம் மற்றவர்களுக்கு, அந்த மற்றவர்களிலும் சிலர் சுவரோரம் நின்று, தமக்கென ஆணியில் மாட்டியிருந்த தகரக் குவளையில் வாங்கிக் குடிப்பார்கள். நான் கிறிஸ்தவன், வெளுத்த சட்டை அணிந்தவன், எனவே வெளிக்கூடத்தில் எனக்குப் பெஞ்சு கிடைத்தது. அதை நான் கேட்கவுமில்லை, மறுக்கவுமில்லை. இரவுக்குப் பஸ் நிற்குமிடத்தில் ஒரு ராவுத்தர் கடை. ரொட்டியும் சால்னாவும் கிடைக்கும். காரம் கண்ணில் நீர் வரவழைக்கும். அந்த ஆண்டில் என் கண்ணில் நீர் வந்தது அங்கு மட்டுமே.

காலை உணவுக்கு வண்டிப்பேட்டை. பஞ்சுப் பொதியேற்றி வ. புதுப்பட்டியிலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் வரும் வண்டிகள் விடியும்போது அங்கே வந்து மாட்டை அவிழ்க்கும். அங்கிருந்த வேப்பமரத்தின் கீழ் ஒரு பெண் இட்லிக் கொப்பரை வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் கணவன் கொழும்புக்குப் போனவன். அதன் பிறகு அவனைப் பற்றிப் பேச்சில்லை. பெண் பிள்ளைகள் இருவர். எல்லோரும் அவளை மதினி என்றே அழைத்தார்கள்; நானும் அப்படியே அழைத்தேன்.

அவள் கடையில் பெஞ்சும் இல்லை, குவளையும் இல்லை. எவன் வந்தாலும் பூவரச இலையில் இட்லி. எவன் கேட்டாலும் இரு கைகளையும் குவிக்கச் சொல்லிச் செம்பைத் தூக்கி ஊற்றும் தண்ணீர். வண்டிக்காரனுக்கும் கைதான், எடை குமாஸ்தாவுக்கும் கைதான். யார் வாய்பட்ட பாத்திரம் என்ற கேள்வி அங்கே பிறக்கவே இடமில்லை.

அந்தப் பேட்டை கமிஷன் மண்டிக்காரர்கள் நால்வரின் கூட்டுச் சொத்து. அவர்களுள் இருவர் அந்த வேப்பமரத்தை வெட்டிவிட்டு ஒரு காபி கிளப் கட்ட விரும்பினார்கள். மற்ற இருவருக்கும் மனம் துணியவில்லை. நால்வரில் மூத்தவர், வீட்டில் தெலுங்கு பேசும் ராஜு, “அந்த அம்மா ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே” என்று சொன்னதாக வண்டிக்காரர்கள் சொன்னார்கள். வண்டி நின்று மாடு அவிழும் இடம் ஊரில் அது ஒன்றுதான். அங்கே இடம் போனால் அவளுக்குப் பிழைப்புப் போகும். இதை முடிவு செய்ய நால்வரும் கூடும் கூட்டம் மறுநாள் மாலை என்று தெரிந்தபோது அவள் என்னைக் கேட்டாள்.

“தம்பி, நீங்க மேடையில எல்லாம் பேசுவியளாமே. எனக்காக அங்க ஒரு வார்த்தை பேசுங்க.”

சட்னியை வழித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் தலைநிமிர்ந்தார். “ஒரு வார்த்தையா? அவிய ஒரு வார்த்தையில நிறுத்த மாட்டாவ, மதினி. கேட்டு முடிக்கதுக்குள்ள ஒன் மாவு புளிச்சுப் பொங்கிரும்.”

“பொங்கட்டும். ஒமக்கு ஓசியில ஊத்தாப்பம் ஊத்தித் தாரேன், இப்பச் செத்த நேரம் வாய மூடும்.”

நான் ஒப்புக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் பள்ளிப் பருவம் முதல் சொற்போர் பயின்றவன் நான். வென்றவனுக்குத் தேரடியில் பால்கோவா வாங்கித் தருவது எங்கள் சங்கத்து வழக்கம். அதை நான் பலமுறை தின்றிருக்கிறேன். அங்கே எங்களுக்குக் கற்பித்த முதல் விதி இது: எதிர்த்தரப்பை எதிராளியே வியக்கும்படி முதலில் எடுத்துரைக்க வேண்டும், பின்னரே அதை வீழ்த்த வேண்டும். நோஞ்சானை வீழ்த்தியவனுக்குப் புகழ் இல்லை.

கூட்டம் பஞ்சுக் கிடங்கில் நடந்தது. பங்காளிகள் நால்வரும் ஜமக்காளத்தில் அமர்ந்திருந்தார்கள். மண்டி ஆட்கள் பொதிகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மதினியும் அந்த வண்டிக்காரரும் வாசற்கதவை ஒட்டி நின்றார்கள். நான் எழுந்து வணங்கி, விதிப்படி எதிர்த்தரப்பிலிருந்து தொடங்கினேன்.

“ஊர் வளர்கிறது. ஆலைச் சங்கு ஊதுகிறது. ஆயினும் இந்தப் பேட்டையில் மனிதன் இன்னும் மண்ணில் குந்துகிறான். சாணத்துக்குப் பக்கத்தில் இலை விரிக்கிறான். இரந்து நிற்பவனைப் போல இரு கைகளையும் ஏந்தித் தண்ணீர் குடிக்கிறான். இங்கே மாட்டுக்குத் தொட்டி உண்டு. மனிதனுக்கு ஒரு குவளை இல்லை. இதையா நாம் தருமம் என்று அழைப்பது?”

கிடங்கில் கைதட்டல் எழுந்தது. பொதிகளின் மேலிருந்தவர்கள் குதிகாலால் பொதியை அடித்தார்கள். அது அடங்கும் வரை காத்திருந்து, “ஆனால்” என்றேன்.

அந்த ஆனாலுக்குப் பின் நான் சொன்னவற்றில் இன்று வரை ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. குவளை வந்தால் யாருக்கு எந்தக் குவளை என்ற கேள்வியும் கூடவே வரும் என்றேன். கட்டப்படும் கூடத்தில் உள்ளும் வெளியும் பிரியும், வண்டிக்காரன் இரண்டுக்கும் வெளியே நிற்பான் என்றேன். ஏந்திய கைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும் இடம் இந்த ஊரில் அது ஒன்றே என்றேன். குரல் எங்கே உயர வேண்டுமோ அங்கே உயர்ந்தது. எங்கே தாழ வேண்டுமோ அங்கே தாழ்ந்தது. இதையெல்லாம் சற்றுத் தொலைவில் நின்று யாரோ பேசக் கேட்பதுபோல் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜமக்காளத்தில் அமர்ந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரின் தொடையில் விரலால் சதுரம் வரைந்து, எத்தனை பெஞ்சு போடலாம் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

நான் அமர்ந்ததும் மூத்தவர் எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“தம்பி பாகா, ரொம்ப நல்லாச் சொன்னாரு. நானும் அந்த அம்மா இருந்துட்டுப் போகட்டும்னுதான் இம்புட்டு நாளா நெனச்சேன். மாட்டுக்குத் தொட்டி இருக்கு, மனுசனுக்குக் குவளை இல்லைன்னாரு பாருங்க, அங்கயே எனக்கு மனசு கேக்கல. இது நமக்கு அவமானம். கிளப்பு கட்டிருவோம்.”

நான் எழுந்தேன். “ஐயா, அது எதிர்த்தரப்பின் வாதம். அதை நான் மறுத்துப் பேசினேன்.”

“மறுத்தீய, மறுத்தீய,” என்றார் அவர் அன்போடு. “அதும் நல்லாத்தான் இருந்துச்சு.”

எனக்கு மாலை போட்டார்கள். ஓர் எலுமிச்சம்பழமும் தந்தார்கள். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டிக்காரர் என்னைப் பார்க்காமல் முண்டாசை அவிழ்த்து உதறிக் கட்டினார். மதினி என்னை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கும்.

“நல்லாப் பேசுனீய, தம்பி. மொதப் பாதி கேக்கும்போது, நானே போயி அடுப்ப அணைச்சிரலாமான்னு இருந்துச்சு.”

“இரண்டாம் பாதி உங்களுக்காகத்தான், மதினி.”

“அது எனக்குத் தெரியும். அவியளுக்குத் தெரியணும்லா?”

ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கத்தில் என் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு, வாதத்தின் வரிசையில் பிழையில்லை என்று தீர்ப்பும் சொன்னார்கள். நானும் அவ்வாறே கருதினேன்.

மரம் வெட்டுப்பட்டது. மதினி ரயில்வே கேட்டுக்கு அப்பால் கொப்பரையை இறக்கினாள். அங்கே வண்டி நிற்பதில்லை. கேட் திறந்ததும் எல்லா வண்டிகளும் ஓட்டமெடுக்கும். மழைக்காலம் தொடங்கியபோது அந்தக் கடை இல்லை. அதற்குள் பேட்டையில் கிளப் எழும்பிவிட்டது. உள்கூடம், வெளிக்கூடம் இரண்டும் இருந்தன. வண்டிக்காரர்களுக்கு மாட்டுத் தொட்டிப் பக்கமாக ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். அறைக்கு அருகில் இருந்ததால் நான் அங்கேயே காலையில் உண்ணத் தொடங்கினேன்.

ஒரு நாள் ஆலை முற்றத்தில் தராசுக்கு அருகே நின்றிருந்தேன். பஞ்சில் தூசியும் விதையும் பொறுக்கும் பெண்கள் வேலை முடிந்து வெளியே வந்தார்கள். அவர்களுள் மதினியும் இருந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. எங்கள் ஆலையில் அவள் சேர்ந்தது எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் நின்றாள்.

“காலையில சாப்ட்டியளா, தம்பி?”

“ஆச்சு, மதினி.”

“எங்க?”

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. “பேட்டை கிளப்பில்.”

அவள் தலையாட்டினாள். சேலைத் தலைப்பால் புருவத்துப் பஞ்சைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “இட்லி எப்படி இருக்கு?”

அன்று காலையில்தான் நான்கு இட்லி தின்றிருந்தேன். அது மிருதுவா, கல்லா, புளித்ததா என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன், எதுவும் வரவில்லை.

“தெரியலை, மதினி,” என்றேன்.

“தெரியலையா? அப்ப நல்லா இல்லைன்னுதான் அர்த்தம்,” என்று சொல்லிவிட்டு, முன்னே போய்விட்ட பெண்களை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தாள்.