கந்தளாயில் எழுப்பிய பிள்ளை

இங்கே சின்னப் பிள்ளைகளைப் பகலில் வெளியே தூங்க வைக்கிறார்கள். நோர்வேக்கு வந்த புதிதில் நம்மில் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்போம். மரக்கிளைகளில் உறைபனி படிந்திருக்கும். கீழே தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குள் மூக்கு மட்டும் சிவந்து தெரியக் குழந்தைகள் அயர்ந்து கிடக்கும். பார்னெஹாகே என்று இவர்கள் அழைக்கும் பாலர் பராமரிப்பு நிலையங்களில் இது அன்றாட வழக்கம். என் மகள் டிலக்சி அங்கே சேர்ந்த சில நாட்களிலேயே ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகள் அந்த வண்டிகளிடம் போய், கம்பளியை விலக்கி, தூங்குகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பிவிடுகிறாளாம். எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறாள் இல்லையாம்.

"விளையாட ஆள் தேடுகிறாள் போல," என்று சிரித்தார் ஆசிரியை.

"இல்லை. அவர்களை யாரோ எங்கோ கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைக்கிறாள்."

அவர் முகம் மாறியது. என்னை முற்றத்தின் எல்லைவரை கூட்டிப்போய், படலையில் தொங்கிய பூட்டைக் காட்டினார். "பயப்படாதீர்கள், இங்கே யாரும் உள்ளே வர முடியாது," என்றார். பூட்டைப் பற்றி நான் கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கவைக்க என் நோர்வேஜியன் மொழி போதுமானதுதான். ஆனால் அதற்குக் கந்தளாயிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நான் திருகோணமலைக்காரி. பதினொரு வயதில் ஊரைவிட்டு வந்தவள். கணவர் எரிக் இந்த நாட்டுக்காரர். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. தத்தெடுக்க விண்ணப்பித்து, நீண்ட விசாரணைகளுக்கும் காத்திருப்புக்கும் பிறகு, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறுவர் இல்லத்தில் டிலக்சியைக் கண்டோம். அவளுக்கு அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை. தாய் பிரசவத்தோடு போய்விட்டாள். தகப்பன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வளர்த்தவர் தாய்மாமன் சிவராசா, ஈச்சிலம்பற்றில் மீன்பிடிக்கிறவர். அவருடைய மனைவி வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனபின், அவர் கடலுக்குப் போகும் நேரங்களில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. இல்லத்தில் சேர்த்தார். பிறகு நீதிமன்றத்தில் எங்களுக்கு எதிரே நின்று, தலையைக் குனிந்தபடி சம்மதம் சொன்னார்.

வழக்கு முடிந்து நாங்கள் புறப்பட்ட காலையில் துறைமுகத்தில் மாவாலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல் ஒன்று நின்றது. வாடகை வான் ஓட்டுகிற நசீர் நானா கிண்ணியாவிலிருந்து நேரத்துக்கே வந்து, பெட்டிகளை ஏற்றிவிட்டார். வழக்கு நடந்த சில வாரங்களும் டிலக்சி எங்களோடு தங்கியிருந்தாள். என் கையால் சாப்பிடுவாள், குளிப்பாள்; ஆனால் என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல் இருக்கவில்லை. எரிக் கை நீட்டினால் பின்னால் போவாள். இல்லத்துப் பிள்ளைகளிடம் விடைபெறத்தான் கடைசியாக அங்கே வானை நிறுத்தினோம். அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டு சிவராசா வந்தார். முதல் பஸ்ஸில் வந்திருந்தார், சட்டை கசங்கியிருந்தது.

டிலக்சி ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு இறங்கவேயில்லை. இல்லத்துப் பொறுப்பாளர் கன்னியாஸ்திரி இரண்டு தரம் முயன்று பார்த்தார்.

"சட்டப்படி பிள்ளை உங்கட மகள்தான். ஆனா அந்தக் கையைப் பிரிக்க என்னால ஏலாது," என்றார் என்னிடம்.

சிவராசா என்னைப் பார்த்தார். "அக்கா, நான் கந்தளாய் வரைக்கும் வாறன். வழியில சமாளிச்சு உங்களிட்டக் குடுத்திட்டு பஸ்ஸில திரும்பிருவன்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓம் என்றேன். வானில் அவர் பின்சீற்றில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "இவர் மனம் மாறிவிட்டாரா?" என்று எரிக் மெதுவாகக் கேட்டார். "தெரியாது," என்றேன். கண்ணாடியில் நசீர் நானா எங்களைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார். தம்பலகாமத்து வயல்கள் போயின. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாமனும் மருமகளும் ஏதோ இரகசியம்போலக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஊரைவிட்டு வந்தபோது இதே பாதையால்தான் நானும் போனேன். என்னைத் தூக்கத்தில் வானில் ஏற்றியிருந்தார்கள். கண் விழித்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார், கந்தளாய் தாண்டியிருந்தது. "அம்மா எங்க?" என்று கேட்டதற்கு "பிறகு வருவா" என்றார். அம்மா வரவில்லை. போரால் வரமுடியாத காலம் அது. பிறகு அவவே இல்லாமல் போனா. போயிட்டு வாறன் என்று நான் சொல்லவில்லை என்பது இத்தனை வருடமாகியும் ஆறவில்லை.

கந்தளாயில் தேநீர்க்கடைக்கு முன்னால் நிறுத்தினோம். நான் முகம் கழுவப் பின்பக்கம் போய்த் திரும்பியபோது, எரிக் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலோடு தனியாக நின்றார்.

"டிலக்சி எங்கே?"

"அந்த மனிதர் தூக்கிக்கொண்டு போனார். என்னிடம் ஏதோ சொன்னார். மூத்திரத்துக்கு என்று நினைத்தேன்."

தெருவின் எதிர்ப்பக்கத்தில் திருகோணமலைக்குத் திரும்பும் பஸ் ஒன்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு உறுமியபடி நின்றது. நான் தெருவைக் கடக்குமுன் அது புறப்பட்டது. பின்கண்ணாடியில் ஒரு குழந்தையின் தலை தெரிந்ததாகவே எனக்குப் பட்டது. கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். கால்செருப்பு ஒன்று கழன்று எங்கோ போய்விட்டது. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நசீர் நானா ஓடிவந்து என் முன்னால் கையை விரித்து மறித்தார்.

"தங்கச்சி, நில்லுங்க! அவங்க பஸ்ஸில ஏறல்ல. குளத்துப் பக்கம் போனத நான் கண்டன்."

குளக்கட்டில், ஒரு மருத மரத்தின் கீழ், சிவராசா சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் மடியில் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. அடிக்கலாம்போல ஆத்திரம்.

"என்ன வேலை பார்த்தனீங்கள்? சொல்லாமக் கொள்ளாம!"

அவர் விரலை வாயில் வைத்தார். "மெதுவா அக்கா. இவ்வளவு நேரமும் தட்டித் தட்டி இப்பத்தான் நித்திரையாக்கினனான். காத்துப் பட்டா உடன படுத்திருவா. இப்பிடியே தூக்கிக்கொண்டு போங்கோ. முழிக்கேக்க நீங்கள் தூரத்துக்குப் போயிருவியள்."

"முழிச்சு உங்களைத் தேடினா?"

"தேடுவா. பிறகு மறந்திருவா. இல்லத்துக்கும் நான் இப்பிடித்தான் கொண்டுவந்து விட்டனான். நித்திரையில." பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டார். "முழிச்சிருக்கேக்க விட்டிட்டுப் போக என்னால ஏலாது அக்கா. அந்த முகத்தைப் பார்த்தா நான் விடமாட்டன். பிறகு உங்களுக்கும் கரைச்சல், பிள்ளைக்கும் கரைச்சல்."

அவர் பிள்ளையை நீட்டினார். நான் கை நீட்டியிருந்தால் எல்லாம் சத்தமின்றி முடிந்திருக்கும். பின்னால் வந்துசேர்ந்த எரிக்கும் கண்ணால் வாங்கு என்றார். அவள் எழுந்தால் அழுவாள், இந்த மனிதர் மனம் மாறலாம், விமானமும் தவறிப் போகலாம். அவ்வளவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

"எழுப்புங்கோ," என்றேன்.

"அக்கா!"

"எழுப்பிச் சொல்லுங்கோ. நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொன்னா களவெடுத்த மாதிரி இருக்கும்."

 அவர் குனிந்து அவள் காதடியில் ஊதினார். டிலக்சி சிணுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"குஞ்சு, மாமா இப்ப ஊருக்குப் போகப் போறன். நீ இவவோட போவாய். தூரம். பிளேனில. மாமாவுக்கு உன்னைப் பார்க்க ஏலாமப் போச்சுது, அதாலதான். நீ கூடாத பிள்ளை எண்டில்ல." அவளது கையை எடுத்து என் கைக்குள் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினார். உப்பும் வலைநூலும் உராய்ந்து தடித்த கை. பிறகு எழுந்து விறுவிறுவென்று நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. தம்புள்ளையில் குரல் கம்மியது. குருநாகலில் வாந்தி எடுத்தாள். கட்டுநாயக்காவில் வானை விட்டு இறங்கியபோது நசீர் நானா அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். உள்ளே குடிவரவு மேசையில் மறுபடி தொடங்கினாள். "மாமாட்டப் போகவேணும்! மாமாட்ட!" வெள்ளைக்காரர் ஒருவர், அவர் பக்கத்தில் ஒரு செருப்போடு ஒரு பெண், இருவருக்கும் நடுவில் திமிறுகிற குழந்தை. அதிகாரி எழுந்துவிட்டார். எங்களை ஒதுக்குப்புறமாக நிறுத்தி, தமிழ் பேசும் முஸ்லிம் பெண் அதிகாரி ஒருவரை வரவழைத்தார். அவர் எங்களைப் பத்திரங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் குந்தினார்.

"மகள், இவங்க உங்கட உம்மாவா? அம்மாவா?"

டிலக்சி இல்லை என்று தலையாட்டினாள். எரிக் என் தோளைப் பிடித்தது நினைவிருக்கிறது.

"அப்ப ஆரு?"

விக்கலுக்கு நடுவில் அவள் சொன்னாள்: "மாமா என்னை இவட்டக் குடுத்தவர்."

"எங்க வச்சு?"

"குளத்தடியில. கையில குடுத்தவர்." மூக்கை உறிஞ்சினாள். "நான் முழிச்சிருந்தனான்."

 அந்த அதிகாரி எழுந்து மற்றவரிடம் சிங்களத்தில் சுருக்கமாக ஏதோ சொன்னார். முத்திரை விழுந்தது.

விமானத்தில் அவள் உறங்க மறுத்தாள். கண் செருகும்போதெல்லாம் உதறிக்கொண்டு எழுந்தாள். "நீ படு. நான் முழிச்சிருக்கிறன். முழிச்சா இஞ்சதான் இருப்பாய், என்னோட," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் என் மேற்சட்டையைப் பற்களால் கடித்துக்கொண்டு தூங்கினாள்.

ஒஸ்லோவில் இறங்கியபோது கடவுச்சீட்டுப் பரிசோதனைக்கு இரண்டு வரிசைகள். ஒன்று இந்த நாட்டாருக்கும் ஐரோப்பியருக்கும். மற்றது மற்ற எல்லோருக்கும். டிலக்சியிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. வரிசையை ஒழுங்குபடுத்திய இளைஞனிடம் எரிக், "நாங்கள் மூவரும் ஒரு குடும்பம்," என்றார். அவன் "ஓம், நல்லது, ஒருவர் பிள்ளையோடு போகலாம்," என்று எங்களுக்கு மற்ற வரிசையைக் காட்டினான். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு வயதில் அப்பாவோடு நின்ற பிறகு அந்த வரிசையில் நான் நின்றதில்லை. முன்னும் பின்னும் பாரமான பைகளும் களைத்த முகங்களும். வரிசைகளைப் பிரிக்கும் பட்டி நாடா ஒன்றுக்கு அப்பால், வேகமாக நகரும் வரிசையில் எரிக் போய்க்கொண்டிருந்தார்.

டிலக்சி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அவரும் போறாரோ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன், நாடாவின் கீழால் மற்றக் கையை நீட்டினாள். எரிக் நின்றார். பின்னால் வந்தவர்களை முன்னே போகவிட்டு, குனிந்து, முதல்முறையாக அந்தக் கையைப் பிடித்தார். எங்கள் வரிசை நகர்ந்தால் அவரும் ஓரடி வைத்தார், நின்றால் நின்றார். ஒரு கை என்னிடமும் ஒரு கை அவரிடமுமாக, நாடா நெஞ்சில் உரச, என் மகள் இரண்டு வரிசையிலும் நடந்து இந்த நாட்டுக்குள் வந்தாள்.