டிரிப் குழாயின் சின்னச் சக்கரம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கடையில் சாமான் கேட்கவே கூச்சப்படுகிறவன். வைத்தியம் பற்றி எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரிப் குழாயில் சொட்டுகளைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரத்தை எங்கே பார்த்தாலும் ஒரு நர்ஸ் சிஸ்டரின் கை ஞாபகம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அரிசி கோடவுனில் நானும் தம்பியும் சுமை தூக்கினோம். ஒரு நாள் காலை, பின்னால் நகர்ந்த லாரி அவனைச் சுவரோடு வைத்து நெரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். உள்ளே ரத்தம் ஒழுகுகிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். மெஷினில் பிரஷர் எண்பது. நூற்றிருபது இருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். டிரிப்போ சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சிஸ்டர் திரும்பிய நேரத்தில் சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டேன்.

"சேட்டா, தொடண்ட!" தொடாதே என்று கத்திக்கொண்டே சிஸ்டர் பாய்ந்து வந்து பழையபடி குறைத்தார். பிறகு பாதி மலையாளத்தில் சொன்னார்: "தலையில அடிபட்டிருந்தா பிரஷர் குறையக் கூடாது; இவருக்கு அது இல்ல. அதனால பிரஷரைத் தெரிஞ்சேதான் குறைச்சு வெச்சிருக்கு. இப்ப ஏத்தினா, உறைஞ்சு அடைச்சது பிச்சுக்கிட்டு மறுபடி ஒழுகும். ஆபரேஷன்ல அடைச்ச பிறகு ஏத்தலாம். இவருக்கு வேண்டியது ரத்தம். வருது."

எனக்குப் புரிந்தது. கிழிந்த மூட்டையை ஆடாமல் வைத்தால் அரிசியே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். தைக்கும் முன் அதன் மேல் இன்னொரு மூட்டையை வைத்தால் அத்தனையும் கொட்டிவிடும். இருபது வருடம் அதைப் பார்த்தவன்தான் அன்று சக்கரத்தைத் திறந்தேன்.

நான் திறந்ததை சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். ஆனால் என்னை வெளியே அனுப்பவில்லை. வேலை கொடுத்தார். "தம்பிகிட்ட பேசிட்டே இருங்க. ஒழுங்கா பதில் சொன்னா மூளைக்கு ரத்தம் போகுது. உளறினா உடனே கூப்பிடுங்க."

என்ன பேசுவது? "சாப்பிட்டியாடா?" என்றேன்.

தம்பி கண் திறந்தான். "ஒண்ணாத்தானே தின்னோம்? அடிபட்டது எனக்கா உனக்காண்ணே?"

அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கிண்டலையும் கேட்டதில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. நடுவில் ஒருமுறை அவன் பதில் குழறியது. கத்தினேன். சிஸ்டர் ஓடி வந்து, அப்போதுதான் வந்திருந்த ரத்தப் பையை மாட்டினார்.

இப்போது தம்பி கோடவுனில் எடை போடுகிறான். கொஞ்சம் நொண்டுகிறான், நிறையப் பேசுகிறான். போன வாரம் மனைவிக்குக் காய்ச்சல் வந்து டிரிப் போட்டார்கள். சக்கரத்தைப் பார்த்தபடி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் தம்பியின் பிரஷர் நூற்றுப்பத்து. நன்றி சொல்லப் போனேன். சிஸ்டருக்கு அன்று லீவு.