கள்ளச்சாவி

மூன்றாவது தடவையும் காரின் எஞ்சின் பிடித்தது, இரண்டு விநாடி ஓடியது, அணைந்தது.

"இன்னொரு தரம் பாருங்க" என்றாள் சாவிக்காரரின் மனைவி. ஆஸ்பத்திரிக் கோப்பு அவள் மடியில் இருந்தது. ஒன்பது மணிக்கு அவள் மார்பிலிருக்கும் கட்டியில் ஊசி விட்டுச் சோதனைக்குச் சதை எடுப்பார்கள். இந்த நாள் கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. தவறினால் இன்னொரு ஏழு வாரம். மணி எட்டேகால். வாடகைக் கார்க்காரர்கள், மழை, முக்கால் மணி ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

சாவிக்காரர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நிலையத்துக்கு எதிரே பூட்டு ரிப்பேர், டூப்ளிகேட் சாவி. பூட்டை விட்டால் மற்ற இயந்திரமெல்லாம் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கினார். ஹாரன் கணீரென்று அடித்தது. பெட்ரோல் முள் பாதியில் நின்றது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். காய்ந்த இலை ஒன்று விழுந்தது.

"இதுதான்" என்றார். அவருக்கே நம்பிக்கையில்லை.

மறுபடியும் இரண்டு விநாடி.

எதிர்வீட்டு லாரி டிரைவர் வாயில் பிரஷ்ஷும் கையில் குடையுமாக வந்தார். "என்ன சாவி, அடம் பிடிக்குதா? பூட்டா இருந்தா ஒரே தட்டுல திறந்திருப்பீங்க."

"கிண்டல அப்புறம் வச்சுக்குங்கண்ணே. ஒன்பது மணிக்கு இவளுக்கு ஆஸ்பத்திரி."

டிரைவர் பிரஷ்ஷை எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இந்த மஞ்ச விளக்கு எப்பவும் மினுக்குமா?" என்றாள் மனைவி. "சாவிப் படம் போட்டிருக்கே."

"அது கிடக்குது, விடு."

"விடாதீங்க" என்றார் டிரைவர். "எந்தச் சாவி போட்டீங்க?"

சாவிக்காரர் சாவியை உருவிப் பார்த்தார். நேற்று கடையில் அவரே வெட்டிய சாவி. பல்லில் மயிரிழை பிசகில்லை. கதவைத் திறந்தது, திருப்பியதும் விளக்கெல்லாம் எரிந்தது. அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பூட்டு திறந்தால் வேலை முடிந்தது.

"பல்லு மட்டும் போதாது. பழைய சாவியோட தலைக்குள்ள ஒரு எலெக்ட்ரானிக் சில்லு இருக்கும். வண்டி அதைத்தான் தேடும். கள்ளச்சாவின்னு கண்டுபிடிச்சிடுச்சு பாருங்க, உங்களையே!"

"பழசு எங்கே?" என்று மனைவி பக்கம் திரும்பினார் சாவிக்காரர்.

அவள் ஏற்கெனவே கைப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். "தனியா ஒரு சாவி வேணும்னு நான்தானே கேட்டேன். புதுசு கையைக் கீறிச்சு, மாத்திப் பழசை எடுத்துக்கிட்டேன்." சீப்பு வந்தது, மூக்குக் கண்ணாடி வந்தது, மாத்திரைச் சீட்டு வந்தது. கடைசியில் சாவி வந்தது. சாவிக்காரர் அதை வாங்கிப் போட்டுத் திருப்பினார். மணி எட்டு முப்பத்தாறு.

எஞ்சின் பிடித்தது. இரண்டு விநாடி, மூன்று, பத்து.

"கிளம்புங்க, கிளம்புங்க" என்று கூரையில் தட்டினார் டிரைவர். "தைரியமா போயிட்டு வாம்மா."

ஒன்பது ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மழையில்லை. சாவிக்காரர் ஒன்பதரைக்குக் கடை திறந்தார். மூன்று வீட்டுச் சாவியும் ஒரு பீரோ சாவியும் வெட்டினார். பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்து வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம், என்றாள். முடிவு வரப் பத்து நாள் ஆகும்.