சின்ராசு அணைக்காத சூடம்

சிலமலையில் முத்துப்பிரியாவுக்கு 'ஆத்தாளைத் தின்னவள்' என்று பேர். பத்து வயதில் ஒட்டியது, பதினாறு வயதாகியும் போகவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊர்வாயைத் திறந்துவிட்டவன் ஒருவன் இருந்தான். ஜீப்பு டிரைவர் சின்ராசு.

அந்தப் பத்து வயதில் ஒருநாள், கூலியாட்களை ஏற்றிப் போகும் ஆள் ஜீப்பைத் தவறவிட்ட அவள் அம்மா ராக்கு, விடுமுறையில் இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிப் போன சின்ராசுவின் ஜீப்பில் ஏறினாள். போடிமெட்டு வளைவில் வண்டி கவிழ்ந்தது. ராக்கு அங்கேயே போய்விட்டாள். பார்த்த சாட்சி யாரும் இல்லை. முன்சீட்டில் இருந்த பிள்ளை கியரை உதைத்துவிட்டது என்றான் சின்ராசு. மண்டையில் அடிபட்டு ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்த பிள்ளை என்ன மறுப்பு சொல்லும்? ஊர் நம்பியது. அப்பா ராமர் நம்பினார். கடைசியில் அவளும் நம்பினாள்.

அதுதான் கொடுமை. உதைத்ததாகச் சொன்ன வலது காலைச் சுவரில் மோதி மோதி வீங்க வைத்துக்கொள்வாள். ஜீப்பு சத்தம் கேட்டால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவாள். டயர் வாடை பட்டால் வாந்தி. பேய் பிடித்ததென்று கோடாங்கியிடம் வேப்பிலையால் அடிக்க விட்டார்களே தவிர, பிள்ளைக்கு மனசு நொந்து கிடக்கிறதென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினோராம் வகுப்பில், பள்ளிக்கு வந்த மனநல ஆலோசகர் அந்த நாளை வரையச் சொன்னார். யோசிக்காமல் வரைந்தாள். உர மூட்டைகள், அம்மா மடி, முகத்துக்கு நேரே ஸ்டெப்னி டயர். வரைந்ததை உற்றுப் பார்த்தாள். டயர் இருந்தது ஜீப்பின் பின்னால். அங்கே கியர் ஏது?

அழுதால் பாரம் குறையும் என்றார் ஆலோசகர். அவளுக்கு வந்தது ஆத்திரம். அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

காலாண்டு விடுமுறையில் ஒருநாள் விடியுமுன், ஏலக்காய் எடுக்கப் போவதாகச் சொல்லி சின்ராசுவின் ஆள் ஜீப்பில் ஏறினாள். வேலைக்குப் போகும் பெண்கள் அவளை முன்னால் உட்கார விடவில்லை. பின்னால் ஸ்டெப்னியை ஒட்டி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்துக் கருப்பர் முன் நிற்காமல் எந்த ஜீப்பும் மலை ஏறாது. டிரைவர் சூடம் கொளுத்த, எல்லோரும் திருநீறு பூசுவார்கள். சின்ராசு கொளுத்தியதும் முத்துப்பிரியா எதிரே வந்து நின்றாள்.

"மாமா, நான் முன்சீட்டுல இருந்தேன்னு சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். சோலிக்கு நேரமாச்சு, வெரசா ஏறு ஆத்தா என்றான். அவள் அசையவில்லை. சூடத்தை நோக்கிப் போன அவன் கை பாதியில் நின்றது. தினமும் இந்தச் சாமியைத் தாண்டித்தான் அத்தனை வளைவும் ஏற வேண்டும். இங்கே பொய்ச்சத்தியம் செய்துவிட்டு எந்த டிரைவரும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டான். அது தெரிந்துதான் அவள் வந்திருந்தாள். சூடம் தானாக எரிந்து அடங்கியது.

"பின்னாலதான் இருந்த," என்று முனகினான். "நான் போன் பேசிக்கிட்டே ஓட்டுனேன்."

"சத்தமாச் சொல்லுங்க. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னான். பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்குவாளியோடு இறங்கி, அடுத்து வரும் ஜீப்புக்காக ரோட்டோரம் போய் நின்றார்கள். சின்ராசு கையெடுத்துக் கும்பிட்டான். மன்னிக்கும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

வலது காலை முன்வைத்து ஊர்ப்பக்கம் நடந்தாள். இன்னும் ஒருவர் பாக்கி. அப்பா இந்நேரம் எழுந்திருக்க மாட்டார். எழுப்பித்தான் சொல்ல வேண்டும்.