நான் கூட்டி அள்ளிய ஊர்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கிளேட்டனில், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தேன். இந்த நாட்டுக்கு அகதிகளாகப் படகில் வந்த எங்களுக்குத் தற்காலிக வீசா. கணவருக்கு முதுகு சரியில்லை. வேலை எனக்கு மட்டும்தான். ஒருமுறை கதவைப் பூட்டாமல் விட்டு முறைப்பாடு வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான்.

அன்று பின்னேரம் பெரிய அறைக்குப் போனேன். சுவரில் ஒரு தாள். கலர்ப் பேனையால் ரோட்டு, கடை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் கீறியிருந்தது. அதைத் தொடவில்லை. நிலத்தில் சிவப்புக் கௌபிப் பயறு, சின்னக் கல், சுள்ளி, ஒரு நீல நூல். யாரோ கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். கூட்டினேன். கல்லும் சுள்ளியும் நூலும் குப்பைக்குப் போயின. கௌபியை எறியக் கை வரவில்லை. முகாமில் பசியோடு கிடந்தவர்களுக்கு வராது. சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கணவர் பையைத் திறந்து பார்த்தார்.

"எங்காலை உது?"

"நிலத்தில கிடந்தது."

"நிலத்தில கிடந்ததையோ தின்னப் போறம்? வேலைக்குப் போய்க் கோழி மாதிரிப் பொறுக்கிக்கொண்டு வாறாய்."

"கழுவினாச் சரி."

குசினியில் ஊறப் போட்டேன்.

காலை ஆறரைக்கு மேற்பார்வையாளர் போன் எடுத்தார்.

"பிள்ளை, பெரிய அறையில நிலத்தில கிடந்ததை எடுத்தனியோ?"

"ஓம் அண்ணை. கூட்டினனான்."

"போச்சு. அது வரைபடமாம். ஆபிரிக்காவில ஏதோ ஊராம். அங்கத்தைப் பொம்பிளையள் போட்டதைப் பாத்து, இஞ்சை படிக்கிற ஒரு பிள்ளை நேற்று முழுக்கக் குந்தி இருந்து அடுக்கினதாம். ஒன்பது மணிக்குப் பேராசிரியர்மார் வருகினம். அந்தப் பிள்ளை வந்து பாத்திட்டு அழுதுகொண்டு நிக்குது."

"நான் என்ன செய்ய?"

"நீ வாய் திறக்காத. நீ போகேக்கை அறை வெறுமையாக் கிடந்தது எண்டு நான் எழுதிறன். கையெழுத்து மட்டும் வை."

"அப்ப ஆர் எடுத்தது எண்டு கேட்டால்?"

"படிக்கிற பெடியள் ஆரும் எடுத்திருப்பாங்கள். அதை விடு."

கணவரும் அதையே சொன்னார். "அவர் சொல்லுறபடி செய். உனக்கேன் தேவையில்லாத வேலை?"

கௌபி ஊதிக் கிடந்தது. தண்ணீரை வடித்துப் பையில் கட்டினேன்.

"போட்டு வாறன்" என்றேன்.

பஸ்ஸில் பை சொட்டி மடி நனைந்தது.

பெரிய அறையில் அந்தப் படிக்கிற பெண் நிலத்தில் முழங்காலில் இருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். பக்கத்தில் கொப்பி. பையை நீட்டினேன். "ஐ கிளீன். சாரி" என்றேன். என் இங்கிலிஷ் அவ்வளவுதான்.

பையைத் திறந்தாள். ஒன்றை எடுத்து நசித்துப் பார்த்தாள். "குக்?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சுவர்த் தாளைக் காட்டினாள். நிலத்தைக் காட்டினாள். அதை விட்டாய், இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டது எனக்கு விளங்கியது.

மணி எட்டு.

வெளியே ஓடினேன். மரத்தடியில் சுள்ளி பொறுக்கினேன், கல் பொறுக்கினேன். நூல் கிடைக்கவில்லை. என் ஏப்ரன் நாடா நீலம். அறுத்துக் கொடுத்தேன். அதை ஆறாக வளைத்தாள்.

அவள் கொப்பியைப் பார்த்துச் சொல்ல நான் வைத்தேன். கல் என்றால் வீடு. சுள்ளி விறகுக் காடு. கௌபி தண்ணீருக்கு நடக்கிற நடை. ஒரு நடைக்கு ஒரு கொட்டை. சுவரில் இருப்பது அந்த ஊர் ஆம்பிளைகள் கீறியதாம். எல்லோரும் ஒன்றாக இருந்தபோது பேனை பெண்கள் கைக்கு வரவில்லையாம். அதனால் இவள் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டாளாம். அவர்கள் தங்கள் குசினியில் இருந்ததைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்தார்களாம். கையாலும் சின்னச் சொல்லாலும் சொன்னாள். தாளைப் பார்த்தேன். அதில் தண்ணீருக்குப் போகிற பாதையே இல்லை.

யன்னல் பக்கம் அவள் சொல்ல முன்பே கௌபியை நிறைய அள்ளி வைத்தேன். நேற்று அங்கேதான் இரண்டு தரம் கூட்ட வேண்டியிருந்தது. கொப்பியைப் பார்த்தாள். "யெஸ்" என்றாள்.

ஈரக் கொட்டை உருளவில்லை. வைத்த இடத்தில் இருந்தது. ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்க முடித்தோம்.

பேராசிரியர்மார் உள்ளே போனார்கள். கதவடியில் மேற்பார்வையாளர் ஒரு தாளோடு நின்றார்.

"வை கையெழுத்தை."

"வாசியுங்கோ அண்ணை."

"என்னத்துக்கு? நான்தானே எழுதினது."

"எனக்கு இங்கிலிஷ் தெரியாது. வாசிச்சுத் தமிழில சொல்லுங்கோ."

சொன்னார். அறை வெறுமையாகக் கிடந்ததாம். கதவு இடைவெளியால் நிலம் தெரிந்தது.

"இதுக்கு வைக்க மாட்டன். கூட்டினது நான். அப்பிடி எழுதுங்கோ."

"வேலை போகும்."

"தெரியும்."

"அறை வெறுமை எண்டு மேலிடத்துக்கு முதலே சொல்லிப்போட்டன். என்னை எல்லாரும் பொய்யன் எண்டு சொல்லப் போறாங்கள்."

சுவரில் வைத்து வேறு தாள் எழுதினார். பேனை தாளைக் கிழித்தது. தமிழில் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த கிழமையிலிருந்து எனக்கு வேலை தரவில்லை. ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு ஆள் போதாமல் மேற்பார்வையாளரே கூப்பிட்டு, வேறு கட்டடத்தில் கக்கூஸ் கழுவத் தந்தார்.

நான் கூட்டிய மாடி இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்குப் போனது. பெரிய அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். ஒரு விளக்குமாறு கீறி, அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறதாம். எழுத்து ஒன்றும் இல்லையாம்.